அறுபத்தோராம் ஆண்டுப் பூசணிக்காய்

துஷ்யா கலியாணம் முடித்துப் போன மார்ஷ்கோம், இங்கிலாந்தில் எழுபது வீடுகளும் ஒரு தேவாலயமும் உள்ள சின்னக் கிராமம். அந்த ஊர் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடப் புறப்பட்டபோது, வயதில் இளையவள் என்ற ஒரே தகுதிக்காக அவளையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். சூம் கூட்டம் நடந்த ஞாயிறன்று பார்த்து அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல். ஒஸ்லோவில் இருந்த தகப்பன் இராசதுரைக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, எனக்குப் பதிலா இருந்து கேளுங்கோ. என்ன முடிவெடுக்கினம் எண்டு குறிச்சு வைச்சால் காணும். வாய் திறக்க வேண்டாம்."

"நான் ஏன் பிள்ளை வாய் திறக்கிறன்?"

இராசதுரை இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவரிடம் கருத்துக் கேட்க ஆளில்லை. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்த தன் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, மேலே கோட்டும் கீழே சாரமுமாக உட்கார்ந்தார்.

கூட்டம் பத்து நிமிடத்தில் ஒரு பூசணிக்காயில் வந்து முட்டி நின்றது. 1961இல் ஊர்க் கண்காட்சியில் முதற்பரிசு வாங்கிய பூசணிக்காய் ஹொப்ஸ் குடும்பத்துத் தோட்டத்தில் காய்த்தது என்று வரைவில் எழுதியிருந்தது. இல்லை, வெளியூர்ச் சந்தையில் வாங்கி வந்து வைத்தார்கள் என்றார் டார்ட்டன் கிழவர். தோற்ற எரிச்சலில் கட்டிய கதை என்றார் ஹொப்ஸ் கிழவர். அறுபது வருடமாக இரண்டு வீட்டாருக்கும் பேச்சில்லையாம்.

இராசதுரைக்கு நாக்கு அரித்தது. கையை உயர்த்தினார்.

"எங்கள் மொழியில் ஒரு பழமொழி உண்டு," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது."

 உடனே டார்ட்டன் கைதட்டினார். ஹொப்ஸ் வீட்டுக் களவைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். ஹொப்ஸும் கைதட்டினார், தன் தகப்பனின் வெற்றியை யாராலும் மறைக்க முடியாது என்று அவருக்கு விளங்கியது. இருவருக்கும் பிடித்த ஆள் கிடைத்த நிம்மதியில், குழுத் தலைவி அந்த அத்தியாயத்தை இராசதுரையின் தலையிலேயே கட்டிவிட்டார்.

"உங்களைக் கேக்க மட்டுந்தானே சொன்னனான்," என்றாள் துஷ்யா பின்னேரம்.

"கேட்டனான். கேட்டிட்டுப் பேசாமல் இருக்கிறது மரியாதை இல்லை."

அடுத்த வாரமே ஹொப்ஸ் ஒரு பழைய படம் அனுப்பினார். பரிசுப் பூசணிக்காயோடு அவரது தகப்பன். டார்ட்டன் நான்கு பக்கக் கடிதம் அனுப்பினார். இராசதுரையின் மனைவி யோகராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"இதுக்கே இவ்வளவு சண்டை? இதைவிடப் பெரிசு இஞ்ச குறொன்லாண்ட் கடையில கிடக்குதே."

நடுநிலையான சாட்சி என்று இராசதுரைக்குப் பட்டது. அத்தியாயத்தின் கடைசி வரியாக அதையே எழுதி அனுப்பினார்: யாருடையதாக இருந்தாலும், ஒஸ்லோவில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுதான்.

நாலாம் நாள் துஷ்யா போன் எடுத்தாள். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்பா, உங்களைக் குழுவில இருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் குடுத்திருக்கினம். எங்கட ஊர்ப் பூசணிக்காயை அவமதிச்சிட்டாராம். ஹொப்ஸும் டார்ட்டனும் சேர்ந்து கையெழுத்து வைச்சிருக்கினம்."

"சேர்ந்தோ?"

"ஓம். ஹொப்ஸ் வீட்டில இருந்துதான் எழுதினவையாம். தேத்தண்ணியும் குடிச்சவையாம்."

யோகராணி தலையில் கை வைத்தாள். "இனி என்ன முகத்தோட அந்த ஊருக்குப் போறது?"

"ஏன்," என்றார் இராசதுரை, "இப்பதானே ரெண்டு வீட்டுக்கும் எங்களைத் தெரியும்."