இரண்டு பாயில் ஒரு தலைவர்

எங்கள் தோட்டத்தில் தேயிலைக்கு அடுத்தபடியாக நன்றாக விளைந்தது தலைவர்கள்தான். ஹாலிஎலைக்கு மேலே மலையேறினால் குருவிமலைத் தோட்டம். நடுவில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டு டிவிசன், இந்தப் பக்கம் பள்ளத்து டிவிசன். நான் பள்ளத்துக்காரி. பெரியாயி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட நான் குடியிருக்கிற லயத்தைக் காட்டிவிடும், வாய் அவ்வளவு பிரசித்தம்.

நாட்டு எலெக்சனில் தோட்டத்து ஜனம் எங்களுக்கிருந்த ஓட்டை அரசாங்கம் பிடுங்கி ஏழெட்டு வருசம் ஆகியிருந்தது. கை தூக்கிப் பழகின ஜனம் சும்மா இருக்குமா? தோட்டத்துக்குள்ளேயே எலெக்சன் வைத்துத் தீர்த்துக்கொண்டோம். சங்கத் தலைவர், உபதலைவர், மாதர் தலைவி, கோயில் தலைவர், திருவிழாத் தலைவர், மரண உதவித் தலைவர். வாசிகசாலைக்குக்கூட ஒரு செயலாளர் இருந்தார், வாசிகசாலைதான் இல்லை. இத்தனையும் மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று. திருவிழா வந்தால் தலைவர்களுக்கெல்லாம் மாலை போட்டு மிச்சமிருக்கிற பூவைத்தான் மாரியம்மனுக்குச் சாத்துவார்கள். ஆத்தா பொறுமைக்காரி. நான் அப்படியில்லை.

பீலி உடைந்த அன்றைக்குத்தான் எனக்கு வெறி பிடித்தது. ஓடைக்கரையில் இரண்டு டிவிசனும் தண்ணீர் பிடிக்கிற ஒரே பீலி அது. குழாய் விலகிக் கிடந்தது, ஒரு கல்லும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் சரியாகிவிடும். மேட்டுக் கமிட்டி கூடி, பீலி எங்களுடையது, தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் நாங்கள்தான் பேசுவோம் என்றது. பள்ளத்துக் கமிட்டி கூடி, பீலி எங்களுடையது, மேட்டான் தொட்டால் கை இருக்காது என்றது. இரண்டு கமிட்டியும் வேலையைப் போட்டுவிட்டுத் தனித்தனியாகப் பதுளைக்குப் போய் முறையிட்டு, வடை தின்று, ஒரே பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பொம்பளைகள் நாங்கள் குடத்தோடு பாறையில் வழுக்கி வழுக்கி ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் கோயில் படியில் ஏறி நின்றேன்.

“ஒரு பீலிக்கு ரெண்டு தலைவரு, ரெண்டு கமிட்டி! தண்ணி எங்கய்யான்னு கேட்டா இவரு அவரைக் கையைக் காட்டுறாரு, அவரு இவரைக் காட்டுறாரு. எதுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டு? அத்தனையும் வெட்டிச் செலவு! ஒரே தோட்டம், ஒரே ஆத்தா. ஒரே தலைவர் போதும்!”

பொம்பளைகள் குலவை போட்டார்கள். குலவை போட்ட பிறகு எந்த ஆம்பிளை எதிர்த்துப் பேசுவான்? எல்லாப் பதவியையும் ஒழித்துவிட்டு ஒரே ஒரு தலைவர் என்று முடிவாயிற்று. எங்கள் பள்ளத்துத் தம்பையாவும் மேட்டு அழகரும் நின்றார்கள். கை எண்ணுவதற்கு, இரண்டு பக்கமும் சேராத ஆளாக, ஆபீஸ் பெரிய கிளாக்கர் சிதம்பரநாதன் ஐயாவைக் கூட்டிவந்தோம். யாழ்ப்பாணத்து மனுசர், கறாரானவர். அவர் கை தூக்கச் சொன்னதும் பாதிப்பேர் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

“என்ன விசர் வேலை இது? ஆளுக்கு ஒரு கைதான். மற்றக் கையைக் கீழ விடுங்கோ!” என்று கத்தினார்.

கீழே விட்ட கையை அடுத்த ஆளுக்குத் தூக்கினார்கள். மனுசர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

அழகர் ஜெயித்தார். நானும் அவருக்குத்தான் தூக்கினேன். தம்பையா அண்ணன் தங்கமான மனுசன், ஆனால் கூட்டத்தில் தூங்கிவிடுவார். அழகரோ பேச்சில் புலி. அவரோடு பேசி ஜெயித்தவன் ஊவாவிலேயே இல்லை என்பார்கள், அவரும் அதையேதான் சொல்லிக்கொள்வார். அவர் வருவதைக் கண்டால் தொரையே பங்களாவின் பின்வாசலால் நழுவிவிடுவார். பீலியை மறுநாளே சரிசெய்து கொடுத்தார். தோட்டத்தில் பாதிப்பேர் ‘முன்னாள்’ ஆகி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. பார்த்தாயா பெரியாயியை என்று பீலித் தண்ணீரை வேண்டுமென்றே இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்தேன்.

அந்தக் குதியாட்டத்தில் பரிசத்தை மறந்துபோனேன். என் மகள் பாக்கியலெட்சுமிக்கும் மேட்டு டிவிசன் முத்துக்கருப்பனுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை. பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. எங்களில் பரிசத்தின்போது பெற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. மாப்பிள்ளை பக்கத்துத் தலைவர் ஒரு பாயில், பெண் பக்கத்துத் தலைவர் எதிர்ப் பாயில், நடுவில் வெற்றிலைத் தாம்பாளம். கேட்க வேண்டியதை அவர்கள்தான் சபையில் கேட்டு, பேசி முடித்து, தாம்பாளம் மாற்றுவார்கள். தாம்பாளம் மாறிவிட்டால் பேசின பேச்சு பேசினதுதான்.

எனக்குக் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. வயசாகிவிட்டதென்று அடுத்த மாதம் வேலையிலிருந்து என் பேரை வெட்டப் போகிறார்கள். மகளும் மேட்டுக்குப் போய்விட்டால், வேலைக்குப் போகிற ஆள் இல்லாத லயத்துக் காம்பராவைத் தோட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு நான் பூனாகலையில் தம்பி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். தம்பி பொண்டாட்டி வாயில் எனக்கும் மேலே. அதுகூடக் கிடக்கட்டும், புருசன் போனதிலிருந்து நானும் பாக்கியமும் ஒரு நாள் பிரிந்து படுத்ததில்லை. அவளோடு நானும் போக வேண்டும், அவர்கள் காம்பராவில் எனக்கும் ஒரு மூலை வேண்டும். இதைச் சபையில் கேட்டு வாங்க எனக்கு ஒரு தலைவர் வேண்டும். இருக்கிற ஒரே தலைவர் அழகர். அவர் யார்? மாப்பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பா! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

பரிசத்தன்று தம்பையாவிடம் ஓடினேன். “அண்ணே, நம்ம பக்கத்துப் பாயில நீங்க வந்து குந்துங்க.”

“நான் முன்னாள் தலைவரு. முன்னாளுக்கு ஏது தங்கச்சி பாயி? நீயுந்தானே கை தூக்கின?” என்று சொல்லிவிட்டு, பந்தல் மூலையில் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

அழகர் மட்டும் கொஞ்சமும் கலங்கவில்லை. “ஏன் பதறுறீங்க? ரெண்டு டிவிசனுக்கும் நான்தானே தலைவரு? ரெண்டு பாயிலயும் நானே குந்துறேன். நியாயம் பொதுவா இருக்கும்” என்றார். மாப்பிள்ளை பக்கம் பேசும்போது தலையில் வெள்ளைத் துண்டு, பெண் பக்கம் பேசும்போது சிவப்புத் துண்டு என்று அவரே ஏற்பாடும் செய்துகொண்டார்.

வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “பள்ளத்துத் தலைவருக்கு வணக்கம்! ஒங்க லயத்துல ஒரு பொண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு வந்திருக்கோம்.”

எழுந்தார். தாம்பாளத்தைச் சுற்றி நடந்தார். சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு எதிர்ப் பாயில் உட்கார்ந்தார். “வாங்க வாங்க, மேட்டுத் தலைவரே! ஒங்களைப் பத்தி நல்லவிதமாக் கேள்விப்பட்டிருக்கோம். பேச்சுல ஒங்களை யாராலயும் ஜெயிக்க முடியாதாமே!”

மறுபடி எழுந்து போய் வெள்ளைத் துண்டோடு கூச்சப்பட்டார். “எல்லாம் ஒங்க ஆசீர்வாதம்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவர் எழுந்து நடக்கும்போதெல்லாம் மேளக்காரர்கள் ஒரு தட்டுத் தட்டினார்கள். அந்தத் தட்டுக்கு அவர் நடையில் ஒரு ஆட்டமும் வந்துவிட்டது. சேலை, குடம், பந்தல் செலவு எல்லாவற்றையும் தானே கேட்டு, தானே முறைத்து, தானே விட்டுக்கொடுத்தார். நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், என் விசயம் வருகிறவரைக்கும்.

சிவப்புத் துண்டு சொல்லிற்று: “பொண்ணோட ஆத்தாளும் கூட வரும். ஒரு மூலை குடுக்கணும்.”

வெள்ளைத் துண்டைக் கட்டும்போதே அழகர் தன் மதினியை, அதாவது மாப்பிள்ளையின் ஆத்தா அங்கம்மாளைப் பார்த்தார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “பொண்ணு மட்டுந்தான். ஆத்தாளுக்கெல்லாம் எடமில்ல” என்றார்.

மறுபடி சிவப்பு. “சரி, எடமில்லைன்னா…” என்று இழுத்தார்.

பாவி மனுசன் அவ்வளவுதானா? ஒரு சேலைக்குச் சண்டை போட்டவர் என்னை ஒரு மூச்சில் விட்டுக்கொடுக்கப் பார்க்கிறாரே! வாய் திறக்கக் கூடாது என்பதால் தூணைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

அப்போது மூலையிலிருந்து தம்பையாவின் குரல் வந்தது. “அழகரைப் பேசி ஜெயிக்க ஆளே இல்லைன்னாங்க. இந்தா, எதிர்ப் பாயில ஒருத்தன் ஜெயிச்சிட்டானே!”

அழகரின் முகம் துண்டின் நிறத்துக்கே வந்துவிட்டது. தோற்பதா? அதுவும் தன்னிடமேவா?

“எவன் ஜெயிச்சான்?” என்று தொடையில் அடித்தார். “வயித்துல புள்ளையும் முதுகுல கூடையுமா மலையேறுனவ அந்தப் பொம்பள. அவளுக்கு ஒரு மூலை இல்லையா? ஒங்களுக்கெல்லாம் ஈரக்கொலை இருக்காய்யா?”

தடதடவென்று எதிர்ப் பாய்க்கு ஓடினார். “யாரைப் பாத்து ஈரக்கொலைங்கிற? மேட்டான் வாசல்ல வந்து பேசுய்யா!”

“நீ வந்திருக்கறது எங்க வாசல்யா!”

“வந்தவனுக்கு இதுதான் மரியாதையா?”

ஓடி ஓடித் துண்டு மாறிப்போயிற்று. மாப்பிள்ளை பக்கத்துப் பாயில் சிவப்புத் துண்டோடு நின்று கத்த, சபை “துண்டு! துண்டு!” என்று கூவியது. மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. கடைசியில், “அப்படின்னா பொண்ணு கெடையாது, எந்திரிங்கய்யா!” என்றார். அடுத்த நொடியே மாப்பிள்ளை பக்கம் போய், “நாங்களும் எந்திரிச்சாச்சு!” என்றார்.

இரண்டு பாயும் காலியாகக் கிடந்தன. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மனுசன் கலியாணத்தையே முறித்துவிட்டார். ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பாக்கியம் விசும்புகிற சத்தம் கேட்டது. மூலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், பிள்ளை வாழட்டும் என்று கத்த வாயெடுத்தேன்.

அதற்குள் அங்கம்மாள் எழுந்து வந்தாள். “கொழுந்தனாரே, தள்ளுங்க.”

“மதினி, சபையில பொம்பளை…”

“ஒங்களுக்கு எந்தப் பக்கம்னே தெரியல, நீங்க எனக்குச் சபையைச் சொல்லித் தர்றீங்களா?” என்று மாப்பிள்ளை பக்கத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “ஏ பெரியாயி, வந்து குந்து!”

நான் எதிர்ப் பாயில் உட்கார்ந்தேன்.

“அப்ப நான் எங்க குந்துறது?” என்றார் அழகர்.

“பந்தலுக்கு வெளிய!” என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

சபை மறுபடி சிரித்தது. அங்கம்மாள் சிரிக்கவில்லை. “நீ வந்தா அடுப்பு ஒண்ணுதான். அடுப்புக்கு நான்தான் ஆளு. சம்மதமா?”

எனக்குச் சுருக்கென்றது. என் அடுப்பில் இத்தனை வருசம் நான் வைத்ததுதான் சட்டம். இவளிடம் போய்க் கைகட்டி நிற்பதா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவிடுக்கில் மகளின் ஈரக் கண்ணைப் பார்த்தேன், வந்ததை விழுங்கினேன்.

“அடுப்பு ஒன்னோடதே. ஆனா உப்பு நான் பாப்பேன். ஒன் கொழம்போட லட்சணம் தோட்டத்துக்கே தெரியும்.”

பந்தல் அதிர்ந்தது. இந்தமுறை அங்கம்மாளும் சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். துடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை.

“கொஸ்லந்தையில எனக்குப் பரிசம் போட்டப்ப எங்க ஆத்தாளும் இப்படித்தான் தூணைப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு” என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி. “தலைவருங்க வரிசையாக் குந்தியிருந்தாங்க. சேலை கேட்டாங்க, கொடம் கேட்டாங்க. ஆத்தாளை ஒருத்தரும் கேக்கல பெரியாயி. நானும் கேக்கல. அப்பறம் அது செத்த சேதிதான் வந்துச்சு.”

நான் தாம்பாளத்து வெற்றிலையைச் சரிசெய்து அடுக்கினேன்.

“மூலையில படுக்காத. அடுப்போரமாப் படுத்துக்க. ராத்திரி குளிரும்” என்றாள்.

தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினேன். அவளும் இரண்டு கையாலும் வாங்கினாள். பந்தலுக்கு வெளியே அழகர், “தீர்மானம் நிறைவேறிச்சு!” என்று கத்தினார். யாருமே அவரைக் கேட்கவில்லை. மேளம் கிளம்பிவிட்டது.