கரண்டிவாயன், ஒன்று

வலது கால் செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. அவள் குனிந்து தேடவில்லை. அந்தக் கழிமுகத்தில் காலையில் ஒரு யானையைக் கட்டிவைத்தால் மதியம் கயிற்றை மட்டும்தான் அவிழ்த்துக்கொண்டு வர முடியும். ஒரு செருப்பு எம்மாத்திரம். ஒற்றைச் செருப்போடு நின்று, கணவரின் தொலைநோக்கியை முக்காலியில் மாட்டி, கண்ணை வைத்தாள். முதலில் தெரிந்தது அவளுடைய இமை முடிதான். கப்பல் கட்டும் வடம்போல இருந்தது.

முதுகுக்குப் பின்னால் நகரம் இரைந்துகொண்டிருந்தது. முன்னால் சாக்கடையும் கடலும் யார் முதலில் போவது என்று தள்ளுமுள்ளு செய்யும் வாய். அதன் ஓரம் முழுக்கக் குளிருக்கு வந்த சின்னச் சின்ன உள்ளான் பறவைகள். எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை, எல்லாமே சாம்பல் நிறம், ஒன்றுகூட ஒரு நொடி சும்மா நிற்பதில்லை.

"எனக்கு உள்ளானுக்கும் காக்காவுக்குமே வித்தியாசம் தெரியாது" என்று காலையில் அவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"மூக்கைப் பாரு. வேற யாருக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரியும்."

"உங்களை இப்படி விட்டுட்டா போவாங்க?"

"தம்பி இருக்கான்ல? நான் எங்க ஓடிப் போகப் போறேன், கணக்கம்மா." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நான்கு மூச்சு தேவைப்பட்டது.

அவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர்ப் பறவைக் குழுவில் அவருக்குப் 'பத்துமடங்கு' என்று பெயர். பத்து பூநாரை பார்த்தால் நூறு என்பார். ஒருமுறை அவர் பார்த்த ஆந்தை, வீடு வந்து சேர்வதற்குள் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. வழியில் இன்னும் இரண்டு சிக்னலில் நிற்க நேர்ந்திருந்தால் பசுவாகிப் பாலே கறந்திருக்கும்.

அவள் மருந்துக் கடையில் காலமெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். குழு கூடும்போது அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அவர் கையை விரித்து "எண்பது" என்று முழங்குவார். அவள் மடியிலிருந்து சத்தமில்லாமல் எட்டு விரல் எழும். குழுவை நடத்தும் பல் டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவள் மடியைப் பார்த்து எழுதிக்கொள்வார். அது கணவருக்கும் தெரியும். "ஒரு விரலாவது கூடப் போடக் கூடாதா? சுளுக்கிக்குமா?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்பார்.

போன வாரம் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "கரண்டிவாயன்" என்றார். பனிப் பிரதேசத்திலிருந்து வருவது, குருவி அளவுதான், மூக்கு நுனியில் கரண்டி இருக்கும், உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்று முன்பே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இந்தக் கரையில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"எத்தனை?" என்றாள், பழக்கத்தில்.

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணு. தூரத்துல. கொஞ்ச நேரந்தான்."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒன்றை ஒன்று என்று சொன்னது அன்றுதான். அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகு மருத்துவமனை. பிறகு மருத்துவமனையும் கையை விரித்து வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னது. அரிய பறவை என்றால் ஒருவர் சொல் போதாது, இன்னொரு ஜோடிக் கண்ணும் பார்த்திருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. கைபேசியில் அவர் போட்ட செய்திக்குக் கீழே சிரிக்கும் முகங்கள் மழையாகப் பெய்திருந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: "ஒண்ணைப் பத்தால வகுத்தா ஒரு கால் கூடத் தேறாதே சார்." யாரும் போய்ப் பார்க்கவில்லை. படுத்தபடியே அதைப் படித்துவிட்டு அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அவள் ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டே போனாள். ஊசி, ஊசி, ஊசி. கண்ணில் நீர் கட்டியது, துடைத்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து விலகி ஒன்று மட்டும் தண்ணீரை இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளி நடந்தது. நிமிர்ந்தது.

மருந்துக் கடையில் மாத்திரை எண்ணித் தள்ளும் தட்டைக் கரண்டி. அவள் கையிலேயே இத்தனை வருடம் கிடந்த கரண்டி. யாரோ அதை இத்தனூண்டாக்கிப் பறவையின் முகத்தில் பொருத்தியிருந்தார்கள்.

வீட்டுக்கு அழைத்தாள். கொழுந்தன் எடுத்தான்.

"தம்பி, போனை அவர் காதுல வைங்க."

"அண்ணி, நீங்க கெளம்பி வந்துடுங்க."

"வரேன். முதல்ல காதுல வைங்க."

துணி உரசும் சத்தம். பிறகு எதுவுமில்லை.

"ஏங்க, நான்தான். இருக்குங்க. நீங்க சொன்ன எடத்துலயேதான். நம்ம கடைக் கரண்டியேதாங்க, அதைப் போயி இது எப்பத் திருடிச்சுன்னு தெரியல."

எதற்கும் குறுக்கே விழுந்து பேசும் மனிதர் பேசவில்லை. உன்னிப்பாகக் கேட்கிறார் என்று நினைத்தாள். அவருக்குப் பிடிக்குமே என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தாள்.

"சேறு என்னா சேறுங்கிறீங்க. இடுப்பு வரைக்கும் முங்கிட்டேன். கப்பல் வந்துதான் என்னை இழுக்கணும். உங்க படகை அனுப்புங்க."

சேறு கணுக்கால் அளவுதான் இருந்தது. இதற்கு அவர் கட்டாயம் சிரிப்பார். அவள் காத்திருந்தாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. நிறைய. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் எண்ணவில்லை. தன்னுடைய ஒற்றைச் செருப்பை அவருடைய ஜோடிக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்க போன் பண்றதுக்குச் சித்த முன்னாடிதான், அண்ணி. எனக்குச் சொல்ல வாய் வரல."

"காதுல வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"கடைசி வரைக்கும்?"

"நீங்க கட் பண்ற வரைக்கும்."

அவள் தலையசைத்தாள்.

மதியம் பறவைக் குழு வந்தது. பகல் நேரத்தில், பூட்ஸ் இல்லாமல், துவைத்த சட்டையில், யார் யாரென்றே அடையாளம் தெரியவில்லை. வகுத்தல் கணக்குப் போட்டவர் கதவோரமே நின்றுவிட்டார். இரவல் நாற்காலிகள் போதவில்லை. பல் டாக்டரம்மா தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். ஊரையே வாயைத் திறக்க வைக்கிறவருக்குத் தன் வாயைத் திறக்க முடியவில்லை.

"இது இப்பக் கேக்குற விஷயமில்லம்மா" என்றார் கடைசியாக. "சார் ஒண்ணுன்னு போட்டிருந்தாரு. நாங்க…"

முடிக்கவில்லை. கண் மட்டும் பழக்கத்தில் அவள் மடிக்குப் போனது.

அவர் கூடத்தின் நடுவில் படுத்திருந்தார். அவள் தலைமாட்டில், எப்போதும்போல அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த கை மெதுவாக எழுந்தது. ஒரு விரல்.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். கதவோரம் நின்றவரும் பார்த்தார்.

அவர்கள் எழுந்து போன பிறகு கொழுந்தன் ஒரு டம்ளர் தேநீர் கொண்டுவந்து, "கொஞ்சம் குடிங்க, அண்ணி" என்று அவள் கையில் கொடுக்கப் பார்த்தான். அந்த விரல் இன்னும் மடங்கவில்லை. டம்ளரை அவள் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனான்.