இரண்டு முறை தட்டினால்

1.

நான் போட்ட ஒரு மதிப்பெண்ணிலிருந்து இந்தக் கதை வந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை. முழுவதும் படித்தால் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள்.

பிள்ளையார்பாளையத்துப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு காதல் கடிதம் பிடிபட்டது. எழுதியவன் யுவன். வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டவள் அபிநயா. தலைமையாசிரியர் ராஜகோபால் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். "நல்ல உறவுன்னா இன்னான்னு பசங்களுக்குப் பக்குவமா சொல்லுங்கம்மா. வாரம் ஒரு பீரியடு." கதை எழுதுகிறவளுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

2.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பட்டும் சரிகையும் போலப் பின்னிப் பிணைந்த ஒரு தம்பதி காஞ்சிபுரத்தில்—'

அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே என் பேனா இப்படித்தான் இளிக்கிறது.

வகுப்பில் பிள்ளைகளிடம், வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். அபிநயா எழுதியது:

'எங்கள் வீட்டில் கோர்வைச் சேலை நெய்கிறோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா சேலையின் உடலை நெய்வார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவை விடுவார். அப்பா வாயால் கூப்பிட மாட்டார். தறிக்கட்டையில் ஒருமுறை தட்டினால் அம்மா நாடா விடுவார். இரண்டு முறை தட்டினால் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருவார். பேசாமலே எல்லாம் புரியும்.'

பத்துக்குப் பத்து போட்டேன். கீழே சிவப்பு மையில், 'நீடித்த உறவுக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு இல்லை' என்று எழுதினேன். வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன்.

[பின் பெஞ்சில் யுவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். என் வகுப்பில் அவன் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.]

3.

மறுநாள் அபிநயாவின் அம்மா கலையரசி நோட்டோடு வந்தார். இந்த இடத்தில் எனக்கு நல்ல வசனம் ஒன்று எழுதிக்கொள்ள நான்கு முறை முயன்றேன். வேண்டாம், நடந்ததையே எழுதுகிறேன்.

"ஒரே சந்தோஷமா எடுத்துக்கினு வந்து காட்டுச்சு. இன்னாமா எழுதி வெச்சிருக்கீங்க?"

"உங்க பொண்ணு அழகா எழுதியிருக்காம்மா..."

"தறியில அவரு பக்கமா இருக்குதே, இந்தக் காது, இது கேக்காது. நாலு வருஷம் முன்னாடி அறைஞ்சாரு. பொண்ணு அப்போ ஸ்கூலுக்குப் போயிருந்துச்சு. கூப்ட்டா கேக்கலன்னுதான் தட்டுறாரு. எழுந்துக்க லேட்டானா அதுக்கும் திட்டு. இதுக்காமா பத்துக்குப் பத்து?"

"அவகிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"ஐயோ வேணாம்மா! அவளுக்குத் தெரியாது. அப்பா மேல உசுரையே வெச்சிருக்குது. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன்.

4.

[பெயர்களை மாற்றியிருக்கிறேன். தட்டுவதை மாற்ற முடியவில்லை. அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அபிநயா என்றாவது இதைப் படித்தால் புரிந்துகொள்வாள். ஆக, கொடுத்த வாக்கை மீறிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.]

முடிவு ஒன்று: கலையரசி மகளைக் கூட்டிக்கொண்டு ஓரிக்கையிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

போகவில்லை. அண்ணன் கூப்பிடவும் இல்லை.

முடிவு இரண்டு: நான் வகுப்பில் தவறை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் தெளிவடைகிறார்கள்.

இதைச் செய்தே பார்த்தேன். "தட்டிக் கூப்பிடறது நல்ல உறவு இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். ஏன் மிஸ் என்று கேட்டார்கள். ஏனென்றால், அபிநயாவின் அம்மா—

இந்த வாக்கியத்தை நான் அங்கேயும் முடிக்கவில்லை. மதிப்பெண்ணைத் திருத்த அபிநயாவிடம் நோட்டைக் கேட்டேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். மொதல்ல போட்டதே இருக்கட்டும். எங்க வீட்ட நல்லாருக்குதுன்னு இதுவரிக்கும் யாருமே சொன்னதில்ல."

அன்று எனக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

5.

மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். அபிநயாவை மட்டும் உட்காரச் சொன்னேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் அம்மா என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

"உங்கம்மாவோட காது..." என்று ஆரம்பித்தேன்.

வாசலில் நின்ற யுவன் கதவில் இரண்டு முறை தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அபிநயா உடனே எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. வாசலுக்கு இன்னும் நான்கு பெஞ்சு தூரம் இருக்கிறது. மாதக்கணக்காக அவளை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பத்துக்குப் பத்து போட்டவள் நான்தானே. நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள். தட்டாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அவளுடைய உண்மையான பெயரை மட்டும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.