அழித்து வைத்த கட்டங்கள்

மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவளுக்கு நாக்கு முந்தத்தான் செய்யும். வாடிக்கையாளர் "தலை..." என்று இழுப்பதற்குள் மாத்திரையை எடுத்து வைத்துவிடுவேன். வீட்டிலும் அதே வேகம்தான். என் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊருக்கே உரக்கப் பேசிவிட்டு வருகிற மனிதர் வீட்டில் வாய் திறக்க நான் இடம் வைத்ததில்லை. அவரும் தினசரிப் பேப்பரை எடுத்துக்கொண்டு குறுக்கெழுத்தோடு ஒதுங்கிவிடுவார். அதில் மட்டும் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையையும் காலையும் லேசாகத் தட்டிவிட்டு, பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவருக்கு எல்லாம் புரிகிறது. சொல் மட்டும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிவிடுகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் "அது... அது..." என்பார். நிலைய மேலாளர் நல்லவர்தான். "சார் தேறி வரட்டும், அவர் நாற்காலியை வேற யாருக்கும் தரமாட்டேன். ஆனா ரொம்ப நாள் தாங்காதும்மா. அதுக்குள்ள தேறலேன்னா பார்சல் அறைதான்" என்றார்.

பார்சல் அறையில் மூட்டைகளோடு பேச வேண்டியதில்லை. அதுதான் ஆபத்து. மைக் முன்னால் உட்காராவிட்டால் இந்த மனிதர் உள்ளுக்குள்ளேயே சுருண்டுவிடுவார். விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அவருக்குக் குறுக்கெழுத்து என்றால் உயிர் என்று சொன்னதும், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் துள்ளினாள். "அப்ப தினமும் போட வைங்க. எழுதினதை உரக்கச் சொல்லட்டும். துப்பு கொடுங்க, விடையை மட்டும் கொடுத்துடாதீங்க."

துப்புக் கொடுக்க எனக்கு விடை தெரிய வேண்டுமே! அன்றைய புதிருக்கு விடை மறுநாள் பேப்பரில்தான் வரும். எனக்கோ அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும். பழைய பேப்பர்க்காரருக்காகக் கட்டி வைத்திருந்த அடுக்கு கண்ணில் பட்டது. அதில் எல்லாம் அவர் எப்போதோ போட்டு முடித்த புதிர்கள். பென்சிலில் போட்டவைதானே? விடைகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு, ரப்பரை எடுத்து ஒவ்வொரு கட்டமாக அழித்தேன். தேதி இருந்த மேல் ஓரத்தைக் கிழித்தேன். கேட்டால் எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல்லப் பொய்யும் தயார்.

முதல் பேப்பரிலேயே மனிதர் அசத்திவிட்டார். நான் துப்புக் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் எழுதினார், எழுதியதைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தார். மறுநாளும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலாளருக்குப் போன் போட்டேன்.

"அவர் தேறிட்டார் சார். எப்ப வேணா கூப்பிட்டுப் பாருங்க!"

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு, சொல்லலாம் என்று உள்ளே ஓடினேன். ஜன்னலோரம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பேப்பரை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, வெற்றுக் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதுமே அழுத்தி எழுதுகிற கை. ரப்பர் கரியைத்தான் துடைத்திருந்தது. பள்ளம் அப்படியே இருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கட்டத்தைத் தட்டிக் காட்டினார். "என்... என் கையெழுத்து."

"அப்ப பார்த்துப் பார்த்துத்தான் எழுதினீங்களா? என்னை ஏமாத்தினீங்களா?" என்று எகிறினேன்.

அவர் கிழிந்த மேல் ஓரத்தைக் காட்டினார். பிறகு என் இடுப்பைக் காட்டினார். "நீதான்... முதல்ல."

துண்டுத் தாளை எடுத்துக் கசக்கி எறிந்தேன். திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டுவதற்கும் சொல் வேண்டுமே.

அவர் கையை நீட்டினார். "இன்னைக்கு... பேப்பர் கொடு."

கொடுத்தேன்.

"பக்கத்துல... உக்காரு. வாயை..."

"மூடிக்கணும், அதானே?"

மேசையில் ஓங்கித் தட்டினார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். முகமெல்லாம் சிவக்க, அவரே தேடிப் பிடித்துச் சொன்னார்: "மூடு."

அன்றிலிருந்து அன்றன்றைய பேப்பர்தான். நான் பக்கத்தில் இருப்பேன், பேசமாட்டேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு குறிப்பு வந்தது: "கேட்டுப் பெறுவது". மூன்று கட்டம். எனக்குக்கூடப் பளிச்சென்று தெரிந்துவிட்டது, 'பதில்'! தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரோ "உ... உ..." என்று ஆரம்பித்தார். ஐயோ, தப்பான வழியில் போகிறாரே என்று மனசு அடித்துக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"உத... உதவி."

எழுதினார். அந்தக் கடைசிக் கட்டத்திலிருந்து 'விளக்கு' அழகாகக் கீழே இறங்கியது. என் பதிலை வைத்திருந்தால் அந்த மூலையே நாசமாகியிருக்கும். முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குள் நுழைந்ததுமே, போனில் அளந்துவிட்டதை நானே திருத்தினேன். "தேறலை சார். தேறிட்டு வர்றார். கொஞ்சம் பொறுமையா கேளுங்க."

மேலாளர் முகம் சற்று வாடியது. ஆனாலும் மேசையில் இருந்த மைக்கை என் கணவர் பக்கம் நகர்த்தினார். "இந்த அறைக்கு வெளிய இருக்கிற நடைக்கு மட்டும்தான் கேக்கும் சார். வழக்கமா சொல்றதுதானே? ஆரம்பிங்க."

என் கணவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பயணிகள்..."

நின்றுவிட்டது. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நெற்றியில் வியர்வை பூத்தது. எனக்கு அந்த அடுத்த சொல் தெரியும். எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? மேலாளருக்கும் தெரியும். பாவம், இரக்கம் தாங்காமல் முன்னால் குனிந்தார். "கவ..."

"சார்! சும்மா இருங்க!" கவுண்டரில் நின்று கத்துகிற அதே குரலில் கத்திவிட்டேன். "அவர் சொல்லுவார்."

மேலாளர் வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு மைக்கைப் பார்த்தார்.

"கவனத்திற்கு."

அதே பழைய குரல். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், நடையில் பேருந்துக்காக உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.