அந்தோனியின் உள்ளூர்த் தயாரிப்பு

சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அந்தோனிக்குச் சோறு போடுவதே வெளிநாட்டுச் சரக்குதான். ஆனால் வெளிநாட்டுச் சீரியல் என்றால் மட்டும் வேப்பங்காய். போன வருஷம் வரை அவரும் சென்னைச் சீரியலைச் சப்புக்கொட்டிப் பார்த்தவர்தான். உள்ளூர்த் தொலைக்காட்சி நாடகத்தில் ஒரு சின்ன வேடம் கிடைத்ததோ இல்லையோ, மனிதருக்கு நாட்டுப்பற்று பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஒரு நாடுன்னா கதைய சொந்தமா எடுக்கணும் லா. கதையையும் வெளியூர்லேருந்து இறக்குனா அப்புறம் நாம எதுக்கு?" என்று தேக்கா மார்க்கெட் இறைச்சிக் கடையில் முழங்கினார். கடைக்காரர் நெய்னா முகம்மது ஆஸ்திரேலிய ஆட்டை வெட்டியபடியே, "ரொம்பச் சரி," என்றார்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரையும் அந்தோனி விடவில்லை. ஆனால் ஊர் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? மனைவி செரினா பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தார். நாடகம் வருகிற அதே நேரத்தில், சென்னைச் சீரியலில் ஒருவன் ஒரு வாரமாகத் தாலியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான்.

"இன்னைக்குக் கட்டிட்டான்னா?" என்றாள் செரினா.

"கட்டமாட்டான். இந்த ஒரு நாள் மாத்தேன், ப்ளீஸ் லா."

போனால் போகிறதென்று மாற்றினாள். தெம்பனிஸில் இருக்கும் அவர்கள் வீட்டு டிவியில் கோட்டு சூட்டோடு அந்தோனி தோன்றினார். எதிரே, நாடகத்தில் அவருக்கு மனைவியாக வரும் திவ்யதர்ஷினி. அவளிடம் அந்தோனி உருகினார்:

"அன்பே, களைத்துப் போயிருக்கிறாயே. உணவு உண்டாயா? சற்று ஓய்வெடு. பாத்திரங்களை நான் கழுவி வைக்கிறேன்."

எல்லாம் பள்ளிக்கூடத் தமிழ். வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தோனி திரையைப் பார்க்கவில்லை, செரினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிக்கக்கூட இல்லை.

"எப்படி?" என்றார், பொறுக்கமாட்டாமல்.

"நல்ல மனுஷனா இருக்காரு. இவர எந்த நாட்டுலேருந்து இறக்குனாங்க?"

"வெளையாடுறியா? நான்தான் அது. சுத்த உள்ளூர்."

"உள்ளூரா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் பாக்கறேன். இந்த வீட்டுக்கு அந்தச் சரக்கு வந்ததே இல்லீங்களே."

மார்க்கெட்டில் நாட்டுக்கே பாடம் எடுத்தவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. செரினா ரிமோட்டை எடுத்துச் சென்னைக்கே திரும்பிவிட்டாள்.

அந்தோனி அவள் பக்கம் திரும்பினார். கேமரா முன்னால் சொன்ன வசனத்தை வீட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"விளம்பரம் வரட்டும், சொல்றேன்," என்றாள் செரினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.