சிவந்த அட்ரினலின்

மலேசியாவில் கெலாங் பாத்தாவுக்கு அருகிலிருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், எல்லார் முன்னிலையிலும் குமரப்பன் யோகேஸ்வரியின் சோதனை வரைபடத்தை மேசைமேல் வீசினார். அவளுடைய ஆய்வுக்கு அவர்தான் மேற்பார்வையாளர்.

“கெட்டுப்போன அட்ரினலின ஊத்திட்டு, கண்டுபிடிப்புன்னு கொண்டு வர்றியா? குப்பை லா இது.”

யோகேஸ்வரிக்குக் காது சுட்டது. எலியின் இரத்தக்குழாய்த் துண்டில் எபெட்ரின் என்ற ஊக்கமருந்தை விட்டால் அது சுருங்கும். காற்றுப்பட்டுச் சிவந்த அட்ரினலினில் முதலில் ஊறிய துண்டுகளோ பாதிகூடச் சுருங்கவில்லை. அட்ரினலின் சிதைந்து உண்டான பொருள்தான் தடுக்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்தாள். அவர் காது கொடுக்கவே இல்லை.

“துண்டு செத்திருக்கும். உன் வேலை அவ்வளவு சுத்தம்.”

“செத்துச்சா இல்லையான்னு நீங்களே நின்னு பாருங்க, டாக்டர்.”

ஒரே இரத்தக்குழாயிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி, சுருக்கத்தை அளக்கும் கருவியில் தொங்கவிட்டாள். ஒன்று புதிய அட்ரினலினிலும் மற்றது சிவந்ததிலும் ஊறின. இரண்டையும் கழுவி எபெட்ரின் விட்டாள். திரையில் முதல் கோடு செங்குத்தாக எழுந்தது. இரண்டாவது சற்றே தலைதூக்கி அடங்கியது. பிறகு, உயிருள்ள எந்தத் துண்டையும் சுருக்கிவிடும் பொட்டாசியம் கரைசலை இரண்டிலும் விட்டாள். இரண்டும் ஒரே அளவு சுருங்கின. எந்தத் துண்டும் சாகவில்லை.

குமரப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி. என் பேர முதல்ல போட்டு கட்டுரை எழுது.”

“குப்பையில உங்க பேர் எதுக்கு?”

“நான் கையெழுத்து போடாம நீ பட்டம் வாங்கிடுவியா?”

அவள் அன்று மதியமே வேறு மேற்பார்வையாளர் கேட்டு மனுக் கொடுத்தாள். பேராசிரியை உமாதேவி அவளை ஏற்றுக்கொண்டார். அதன்பின் குமரப்பன் அவளை எதிரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.