ஒன்பதாவது வரி

இதய அறுவைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகத்தில் பெருக்கித் துடைப்பது என் வேலை. ஏழு மாதத்துக்கு முன் என் மனைவியின் பெயரும் அதில் ஏறியது. அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுது. இந்த வருஷத்தைத் தாண்டவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பட்டியலைப் பார்த்துக்கொள்கிற குமாஸ்தா எதைக் கேட்டாலும் ‘பொறுங்க’ என்பார். அதனால் அவருக்குப் பொறுங்க சார் என்றே பெயர். ஒரு பெயரைக் கணினியில் ஏற்றியதும் விண்ணப்பத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார். அது அங்கே வழக்கம். “ஏறிடுச்சு, போங்க” என்று அவர் சொல்வதுதான் ரசீது. என் மனைவியின் தாள் கிடந்த கூடையை அன்று மாலை நான்தான் கொட்டினேன். நிஜமாகவே ஏறியிருக்குமா?

ஐந்து மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். எந்தப் படத்தை இரண்டு தரம் தட்டினால் பட்டியல் வரும் என்று பக்கத்தில் நின்று துடைத்தே எனக்குத் தெரியும். நாற்பதைக் கடந்துதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். திரையில் விரலை வைத்து வரி வரியாக இறங்கினேன். நூற்று நாற்பத்து மூன்றாவது வரியில் அவள் இருந்தாள்.

மூடப் போனால் ஒரு கட்டம் வந்து, மாற்றங்களைச் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்டது. நான் எதையும் மாற்றவில்லையே. தப்பாகத் தட்டி அவள் பெயர் அழிந்துபோனால்? ‘திரும்பு’ என்றும் ஒன்று இருந்தது. அதைத் தட்டினேன், மறுபடி பட்டியலே வந்து நின்றது. பிறகு திரையின் பொத்தானை அமுக்கினேன். இருட்டாகிவிட்டது. மூடியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் தினமும் அப்படித்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடி. அவள் கீழே இறங்கி மாதங்கள் ஆகின்றன. நான் செருப்பைக் கழற்றுமுன் “இன்னிக்கு எத்தனை?” என்பாள். சொன்னதும் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் சாக்கட்டியால் எழுதுவாள். நூற்று முப்பது, தொண்ணூற்றாறு, நாற்பத்தொன்று. “கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி நாள் எண்ணலைங்க” என்று மூச்சிரைக்கச் சிரிப்பாள். போன திங்கட்கிழமை எழுதியது ஒன்பது.

செவ்வாய்க்கிழமை காலையில் குளிர்சாதனம் மாட்ட வந்தவர்கள் சுவரைத் துளைத்தார்கள். உள்ளே ஓடிய கரண்ட் வயர் அறுந்தது. அந்த நேரம் பார்த்துப் பொறுங்க சார் பட்டியலில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வயரை ஒட்டிய பிறகு பட்டியலைத் திறந்தால் பெயர்கள் இல்லை, கட்டம் கட்டமாக ஏதோ இருந்தது.

கம்ப்யூட்டர்க்காரர் வந்தார். பயப்படாதீர்கள், தினமும் சாயந்தரம் ஆறு மணிக்கு சர்வர் தானாகவே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கிறது என்றார். தேடத் தேட அவர் முகம் சுருங்கியது. மற்ற எல்லாம் இருந்தன, இது மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் எதிரில் ஒரே வரி: கோப்பு திறந்திருக்கிறது, நகல் எடுக்கப்படவில்லை. யாரோ திறந்து வைத்திருக்கும் கோப்பை அது தொடாமல் தாண்டிப் போய்விடுமாம். அந்த வரியை ஏழு மாதமாக ஒருவரும் படிக்கவில்லை.

பொறுங்க சார் தினமும் மூடிவிட்டுத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்தார்.

“ஸ்கிரீனை மட்டும் அணைச்சிருப்பீங்க” என்றார் கம்ப்யூட்டர்க்காரர். “பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா சார்?”

ரெண்டு பேர் சிரித்தார்கள். சுவர்த் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்த நான் திரைக்கு அருகே போனேன். கடைசியாக எடுத்த நல்ல நகலின் தேதி திரையில் இருந்தது. கூட்டிப் படித்தேன். அவள் பெயர் ஏறியதற்கு முந்தின நாள். ஏழு மாதத்தில் நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்திருந்தால் அன்று ஒரு நகல் கிடைத்திருக்கும்.

மேலதிகாரி முடிவைச் சொன்னார். நகலில் இருப்பவர்களின் வரிசை அப்படியே நிற்கும். அதற்குப்பின் வந்தவர்கள் புதிதாகப் பரிசோதனைச் சான்று வாங்கிப் பதிய வேண்டும். பரிசோதனைக்கு நாள் கிடைக்கவே நாலு மாதம். வருஷம் முடிய இருப்பது இரண்டு மாதம்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் மனைவி ஒன்பதாவது என்று சொன்னேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மேலதிகாரி.

“நேத்து சாயந்தரம் பார்த்தேன் சார். தினமும் பார்ப்பேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம் கேட்டதை, பொத்தானை அமுக்கியதை. பொறுங்க சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில வந்தா தினம் திறந்து கிடக்கும். மறதி வந்துடுச்சுன்னு ஏழு மாசமா மாத்திரை சாப்பிடறேன்யா” என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அவள் இடம் எத்தனையாவது என்று அவருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். தினம் எத்தனை பேர் வர்றாங்கய்யா என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ கை வெச்ச பட்டியல்” என்றார் மேலதிகாரி. “அதுல நீ சொல்ற நம்பரை நான் எப்படிய்யா எடுத்துக்க முடியும்? நாளைலேர்ந்து வர வேண்டாம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாடி ஏறுவதற்குள் ரெண்டு தரம் உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. அவள் அலமாரியில் சாய்ந்து, கையில் சாக்கட்டியோடு நின்றாள்.

“இன்னிக்கு எத்தனை?”

“ஒன்பது.”

“நேத்தும் அதுதானே?”

“இன்னிக்கு யாருக்கும் ஆபரேஷன் நடக்கலை.”

அலமாரிக் கதவைத் திறந்தாள். பிறகு ஒன்பதின் கீழே இன்னொரு ஒன்பது எழுதினாள்.

“சரி, நாளைக்குப் பாருங்க” என்றாள்.